ஹண்டரிடம் யாரும் சொல்லவில்லை

பெரியப்பாவுக்கு அறுபது வயசுக்கு மேல திடீர்னு ஒரு பழக்கம் வந்தது. கடைத்தெருவுல நடக்கும்போது நாலு கடைக்கு ஒருதரம் நின்னு வேடிக்கை பார்ப்பார். திருச்சி பெரிய கடை வீதி. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, வளையல் கடை... எதுவானாலும் சரி, அது முன்னாடி நின்னு ரெண்டு நிமிஷம் உத்துப் பார்ப்பார். ஒண்ணும் வாங்க மாட்டார். அப்புறம் நடப்பார். எண்பதுகளின் நடுவில் நான் அரை டிராயர் பையன், கூடப் போறதே எனக்குக் கொண்டாட்டம். நெஞ்சு வலிச்சுதான் மனுஷன் நிக்கிறார்னு எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் அதற்குப் பெயர் 'வாயு'. ஓமத்திரவம், இஞ்சிச் சாறு, கோலி சோடா எல்லாம் நடந்தது. ஒருநாள் ராத்திரி சாப்பிட்ட கையோடு மாடி ஏறினவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட, டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஈசிஜி பார்த்துவிட்டு டாக்டர் பெரிய அண்ணனை மட்டும் தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, "அவர்கிட்ட சொல்லிக்காதீங்க, பயந்துடுவார்"ன்னு அனுப்பிவிட்டார். நாக்குக்கு அடியில் வைக்கிற குட்டி மாத்திரை ஒண்ணு வந்தது. சார்பிட்ரேட். அதற்கு வீட்டில் வைத்த பெயர் 'வாயு மாத்திரை'. வீடு முழுக்க இந்த நாடகம் ஜோரா நடந்தது. சின்னப் பையன் என்னிடமே சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்னா பாத்துக்கங்க.

இதே நாடகம் இருநூறு வருஷத்துக்கு முன்னாடி லண்டனிலும் நடந்திருக்கிறது. அங்கே விஷயத்தை மறைச்சவர் எட்வர்ட் ஜென்னர். ஆமாங்க, அம்மைத் தடுப்பூசி ஜென்னரேதான். யாரிடமிருந்து மறைச்சார்? தன்னோட குருநாதர் ஜான் ஹண்டரிடமிருந்து. படிச்சதிலிருந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. நெஞ்சில் அழுத்தம், வலி, கூடவே வேர்வை, மூச்சு வாங்கல் இதெல்லாம் வந்து, உட்கார்ந்தும் சில நிமிஷத்தில் போகலைன்னா, சோடாவும் வேண்டாம் இந்தப் பதிவும் வேண்டாம். 108-க்கு அடிங்க.)

முதலில் இந்த வலிக்குப் பேர் வந்த கதை. மார்வலி மனுஷன் பிறந்த காலத்திலிருந்தே இருந்திருக்கும். ஆனா 'நடந்தா வலிக்கும், நின்னா போயிடும்' என்கிற இந்தக் குறிப்பிட்ட வலியைத் தனியாப் பிரிச்சு, இது வேற வியாதின்னு அடையாளம் காட்டி, பேரும் வெச்சவர் வில்லியம் ஹெபர்டன். லண்டனில் பெரிய கைராசிக்காரர். அகராதி எழுதின சாமுவேல் ஜான்சனுக்கே வைத்தியம் பார்த்தவர். 1768-ம் வருஷம் ஜூலை மாதம் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸில் ஒரு சின்னக் கட்டுரை வாசித்தார். 1772-ல் அது அச்சில் வந்தது. அதில் அவர் வைத்த பேர்தான் ஆஞ்சைனா பெக்டோரிஸ். லத்தீனில் நெரிப்பது, குரல்வளையைப் பிடிப்பது என்கிற அர்த்தத்திலிருந்து வந்த சொல். ஆஞ்சைனான்னா அதுவரைக்கும் தொண்டை அடைக்கிற வியாதி. இவர் அதை மாருக்கு இறக்கினார். (கவலைக்கு இங்கிலீஷ்ல ஆங்சைட்டி, கோவத்துக்கு ஆங்கர். ரெண்டுக்கும் இதே வேர்தான் மூலம். இந்தக் கோவத்தை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.)

ஹெபர்டன் வர்ணிச்சதை இன்னிக்குப் படிச்சாலும் பெரியப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதின மாதிரி இருக்கு. நடக்கும்போது வரும், அதிலும் மேட்டில் ஏறும்போது, அதிலும் சாப்பிட்டவுடனே. உயிரே போயிடும்போல ஒரு பிடி. நின்ன மறுகணம் எல்லாம் மறைஞ்சிடும். வலி இடது கைக்கும் இறங்கும். நாள் ஆக ஆக நிக்காமலும் வரும், படுத்திருந்தாலும் வரும். இவ்வளவையும் ஸ்டெதாஸ்கோப் கூட இல்லாத காலத்தில், காது கொடுத்துக் கேட்டே பிடிச்சிருக்கார். கடைசியில் ஏறக்குறைய நூறு பேரைப் பார்த்ததாகவும், அதில் மூணு பெண்கள், ஒரு பன்னிரண்டு வயசுப் பையன், மத்தவங்க எல்லாம் ஐம்பதை ஒட்டிய, தாண்டிய ஆண்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

வைத்தியம்? ஓய்வு, கதகதப்பு, கொஞ்சம் ஒயின், ராத்திரிக்கு அபின். அவ்வளவுதான். அதோட ஒரு வரி போறபோக்கில் எழுதிவைத்தார். தினம் அரை மணி நேரம் விறகு அறுப்பதுன்னு தனக்குத்தானே ஒரு வேலை வெச்சுக்கிட்ட ஒருத்தருக்கு அனேகமா வலி குணமாயிடுச்சாம். உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லதுன்னு இப்போ பார்க்குக்கு பார்க் ஷூ மாட்டிக்கிட்டு சுத்தறோமே, அதற்கு ஒரு பாட்டன் இந்த விறகுவெட்டி :-)

ஆனா வலி எங்கேயிருந்து வருதுங்கிறது மட்டும் ஹெபர்டனுக்குப் பிடிபடவில்லை. இதயத்துக்கு ரத்தம் போதலைங்கிற எண்ணமே அவர் கட்டுரையில் கிடையாது. ஏதோ ஒரு இசிவா இருக்கணும், ஒருவேளை புண்ணாகவும் இருக்கலாம் என்கிற அளவில் நிறுத்திக்கொண்டார்.

இங்கேதான் ஒரு மொட்டைக் கடுதாசி வருகிறது. நம்மூர்ல மொட்டைக் கடுதாசின்னா வில்லங்கம். இது வேற மாதிரி. 1772 ஏப்ரலில் ஹெபர்டனுக்கு வந்த கடிதம் அது, கையெழுத்துப் போடும் இடத்தில் பேர் இல்லை. எழுதினவர் ஐம்பதைத் தாண்டியவர். உங்க கட்டுரையைப் பற்றிப் படிச்சேன், நீங்க சொல்ற வியாதி எனக்கு இருக்கிறதுன்னு ஆரம்பித்து, நடக்கும்போது இடது கையில் வரும் வலியை விவரித்து, சில சமயம் உடம்புக்குள்ளே எல்லா வேலையும் மூணு நாலு நொடி அப்படியே நின்னுபோற மாதிரி இருக்கும்னு எழுதியிருந்தார். கடைசியா ஒரு விஷயம். நான் திடீர்னு செத்துப்போனா உங்களுக்குத் தகவல் வரும். உடலை அறுத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க உயிலில் அனுமதி எழுதிவைத்திருக்கிறேன், மத்தவங்களுக்காவது பயன்படட்டும் என்கிற மாதிரி. சவத்தை அறுப்பது என்றாலே தூக்குத் தண்டனைக் கைதிக்குத் தரும் கூடுதல் தண்டனையாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் இப்படி எழுத எவ்வளவு தெளிவு வேணும் பாருங்க.

எழுதி மூணு வாரம் ஆகவில்லை, மனுஷன் போய்விட்டார். ஹெபர்டன் உடனே லண்டனில் அறுப்பதில் முதல் ஆளான ஜான் ஹண்டரைக் கூப்பிட்டார். ஹண்டர் தன்னுடைய சீடனையும் கூட்டிக்கொண்டு வந்தார். சீடனுக்கு வயசு 22 அல்லது 23. பெயர் எட்வர்ட் ஜென்னர்.

அறுத்துப் பார்த்தார்கள். இதயம் பலமாகத்தான் இருந்தது. சாவுக்குக் காரணம்னு சொல்ற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. பேர் தெரியாத அந்த மனிதர் அத்தனை பிரயாசைப்பட்டு விட்டுப்போன கேள்விக்கு 'ஒன்றும் தெரியவில்லை' என்பதுதான் பதில். ஏன்னா இதயத்தின் மேல் கொடி மாதிரி படர்ந்து, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற அந்த ரெண்டு கொரோனரி தமனிகளை யாரும் திறந்து பார்க்கவில்லை. பிற்காலத்தில் ஜென்னரே இதை ஒத்துக்கொண்டிருக்கிறார், அன்னிக்கு அந்தக் குழாய்களைப் பார்க்கலைன்னு கிட்டத்தட்ட உறுதியாவே சொல்வேன்னு. மத்தது எல்லாத்தையும் பார்த்துவிட்டுப் பதில் இருந்த இடத்தை மட்டும் விட்டுட்டாங்க.

கொஞ்சம் ஹண்டரைப் பற்றிச் சொல்லணும். ஸ்காட்லாந்து விவசாயக் குடும்பம், 1728-ல் பிறந்தவர். பெரிசாப் படிப்பு கிடையாது. அண்ணன் வில்லியம் லண்டனில் நடத்திய உடற்கூறு பள்ளிக்கு எடுபிடியாப் போய், அண்ணனையே மிஞ்சினார். திமிங்கலம் முதல் தேனீ வரை எதையும் அறுத்துப் பார்க்காமல் விடமாட்டார். பதினாலாயிரம் மாதிரிகள் வரை சேர்த்துவைத்தார். சம்பாதிச்சதெல்லாம் அதிலேயே போச்சு. பேச்சு கரடுமுரடு, கோவம் மூக்கு நுனியில்.

ஜென்னர் மேல் மட்டும் தனிப் பாசம். 1770-லிருந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஜென்னர் அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தார். அப்புறம் சொந்த ஊரான பெர்க்லிக்குப் போய் கிராமத்து டாக்டர் ஆனார். கடிதப் போக்குவரத்து நிற்கவே இல்லை. முள்ளெலியைப் பிடிச்சு அனுப்பு, குயிலைக் கவனிச்சு எழுதுன்னு ஹண்டர் வேலை வெச்சுக்கிட்டே இருப்பார். 1775-ல் முள்ளெலி விஷயமா ஜென்னர் எதையோ யோசிச்சு எழுத, நீ ஏன் யோசிச்சிட்டே இருக்கே, செஞ்சு பார்த்துடறதுதானேன்னு ஹண்டர் பதில் போட்டார். மருத்துவ வரலாற்றில் ரொம்பப் பிரசித்தமான அறிவுரை இது.

சீடன் செஞ்சு பார்த்தான். அதுதான் இந்தக் கதையில் வினையே.

ஊரில் ஆஞ்சைனாவால் செத்த இன்னொருவரை ஜென்னர் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதயத்தில் வழக்கமாப் பார்க்கிற இடமெல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை. இதயத்தின் அடிப்பாகத்துக்கு அருகே குறுக்காக அறுக்கும்போது கத்தி எதன் மேலேயோ நறநறன்னு பட்டு முனையே மழுங்கிவிட்டது. ஜென்னர் என்ன செய்தார் தெரியுமா? அண்ணாந்து கூரையைப் பார்த்தார்! பழைய வீடு, காரை உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கும்னு நினைச்சிருக்கார். விழவில்லை. கொரோனரி தமனிதான் எலும்புக் குழாய் மாதிரி கெட்டியாகிக் கிடந்தது.

அப்புறம் பேதரஸ் என்கிற நண்பரோடு இன்னொரு கேஸ். அறுப்பதற்கு முன்னாடியே ஜென்னர் பந்தயம் கட்டினார், தமனி எலும்பாத்தான் இருக்கும்னு. முழுசா ஜெயிக்கவில்லை. எலும்பாகவில்லை, ஆனா சுவர் தடிச்சு, உள்ளே குருத்தெலும்பு போல இன்னொரு குழாய் உருவாகி வழியைக் குறுக்கியிருந்தது. இன்னிக்கு நாம 'அடைப்பு'ன்னு சொல்றோமே, அதுதான்.

ஆக, ஹெபர்டனுக்குத் தெரியாத காரணம் ஜென்னருக்குத் தெரிந்துவிட்டது. எழுதி வெளியிட வேண்டியதுதானே?

அதற்குள் வலி ஹண்டருக்கே வந்துவிட்டது.

முதல் தடவை 1773-ல். அந்தப் பேர் தெரியாத மனிதரை அறுத்துப் பார்த்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மேல்வயிற்றில் கடும் வலி. கண்ணாடியில் பார்த்தால் பிணத்தின் முகம். அண்ணன் வந்து கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி இல்லை. முக்கால் மணி நேரம் அப்படியே. மூச்சு தானா வராமல், நானே இழுத்து இழுத்து விட்டேன் என்று பின்னால் சொல்லியிருக்கிறார். அடுத்த பெரிய உபாதைக்குக் காரணம் ஜாமீன். நண்பன் ஒருத்தனுக்கு ஜாமீன் போட்டு, பணம் இவர் தலையில் விழுந்தது. (எந்த ஊரானாலும் ஜாமீன் கையெழுத்து ஜாமீன் கையெழுத்துதான்.) அந்த மனக்கஷ்டத்தில் படுத்தவர், தேறுவதற்காக 1777-ல் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுக்குப் போனார். பார்க்க ஜென்னர் வந்தார்.

குருவைப் பார்த்த கணமே சீடனுக்குப் புரிந்துவிட்டது. நடை, நிறம், மூச்சு எல்லாமே. ஊருக்குத் திரும்பி ஹெபர்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹண்டருக்கு இருப்பது ஆஞ்சைனாதான். கொரோனரி தமனிகள் தங்கள் வேலையைச் செய்ய முடியாதபோது இதயம் எவ்வளவு கஷ்டப்படும். இதுதான் காரணம் என்றால் இதற்கு மருந்து தேடுவது வீண் என்று பயப்படுகிறேன். ஹண்டர் இதை ஒத்துக்கொண்டால் தேறிவிடுவோம் என்ற நம்பிக்கையே அவருக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறேன். இதுதான் கடிதத்தின் சாரம். அதை ஜென்னர் அனுப்பவே இல்லை என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. அவர் காகிதங்களோடு காகிதமா இருந்து, செத்த பிறகு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் மூலமா வெளியே வந்தது.

பேப்பரில் எழுதாமல் வாய் வார்த்தையா ரெண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தார். ஒருத்தர் ஹென்றி க்ளைன், இன்னொருத்தர் ஹண்டரின் மச்சினர் எவரார்ட் ஹோம். ரெண்டு பேரும் பெரிசா எடுத்துக்கலை. ஜென்னர் வாயை மூடிக்கொண்டார். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லைங்க, பதினாறு வருஷம்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்னேன். ஜென்னர் செய்தது சரியா? அவர் நிலைமையில் நின்னு பார்த்தா திட்ட மனசு வரலை. சொன்னா என்ன ஆகியிருக்கும்? மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. அப்பன் மாதிரி இருக்கிற மனுஷனிடம் போய் 'உங்க இதயத்துக் குழாய் கல்லாகிக்கிட்டு வருது'ன்னு சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க பெரிய அண்ணனும் இதைத்தானே நினைச்சிருப்பார். ஆனா இன்னொரு பக்கம், அந்தப் பேர் தெரியாத மனிதர் 'மத்தவங்களுக்குப் பயன்படட்டும்'னு உடலைக் கொடுத்துவிட்டுப் போனாரே? அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கைவசம் இருந்தும் அலமாரியில் கிடந்தது. அதுவும் எந்த குரு? யோசிக்காதே செஞ்சு பார் என்று சொன்ன குரு. உலகத்திலேயே இந்த விஷயத்தைக் கேட்டதும், 'அப்படியா, எந்தக் குழாய், எவ்வளவு கெட்டி?'ன்னு வலியை மறந்து கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்னு எனக்குத் தோணுது. அவரிடம்தான் யாரும் சொல்லவில்லை.

ஹண்டருக்கு ஒன்று மட்டும் நல்லாத் தெரிந்திருந்தது, எது வந்தா வலி வரும்னு. நடை ஒரு பக்கம், மனசு இன்னொரு பக்கம். தேன்கூட்டிலிருந்து தேனீக்கள் கூட்டமாக் கிளம்பும்னு காத்திருந்த பரபரப்பில் வலி வந்திருக்கிறது. மரத்தடியில் பெரிய பூனை ஒண்ணு உட்கார்ந்திருக்க, துப்பாக்கி எடுத்துட்டு வர்றதுக்குள்ளே ஓடிடுமோன்னு தவிச்சதில் வந்திருக்கிறது. வேலைக்காரர்கள் சொன்னபடி செய்யாட்டி கட்டாயம் வரும். என்னைச் சீண்டிக் கோவப்படுத்த நினைக்கிற எந்த அயோக்கியன் கையிலும் என் உயிர் இருக்குன்னு அவர் சொல்வாராம்.

அப்படியே ஆச்சு. 1793 அக்டோபர் 16. லண்டன் ஹைட் பார்க் மூலையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் நிர்வாகக் கூட்டம். மாணவர்களைச் சேர்க்கும் விதி பற்றி ஹண்டருக்கும் சக சர்ஜன்களுக்கும் ஏற்கெனவே தகராறு. விதிப்படி தகுதி போதாத ரெண்டு ஸ்காட்லாந்துப் பையன்களுக்காகப் பேச ஹண்டர் போனார். தானும் ஒருகாலத்தில் அப்படி வந்த பையன்தானே. பேச்சின் நடுவில் ஒருத்தர் மறுத்துச் சொல்ல, ஹண்டர் பதில் பேசாமல் பக்கத்து அறைக்குப் போனார். ஒரு முனகல். அங்கிருந்த டாக்டரின் கைகளில் சாய்ந்தார். முடிந்தது. வயசு 65.

அறுத்துப் பார்த்தவர் ஹோம். கொரோனரி தமனிகள் எலும்பாகியிருந்தன. நீ சொன்னதுதான் சரின்னு ஜென்னருக்கு உடனே கடிதம் போட்டார். (ஹோம் இந்த ஒரு விஷயத்தில் நேர்மையா நடந்துகொண்டார். அப்புறம் ஹண்டரின் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து சுட்டுச் சுட்டுத் தன் பேரில் கட்டுரையாப் போட்டு, 1823-ல் அத்தனையும் எரிச்சார். அது தனிப்பதிவுக்கான விஷயம்; எழுத ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும்.)

காரணம் கடைசியில் அச்சில் வந்தது 1799-ல். எழுதியவர் ஜென்னர் இல்லை, பாத் நகரத்து டாக்டர் கேலப் பாரி. ஜென்னரின் பால்ய சிநேகிதர். ஜென்னர் நடந்தது பூராவையும் கடிதமா எழுதிக்கொடுக்க, பாரி அதைத் தன் புத்தகத்தில் சேர்த்தார். கூரைக் காரைக் கதை, க்ளைனிடமும் ஹோமிடமும் சொன்னது, ஹண்டர் இருந்ததால் வாய் திறக்காதது, எல்லாம் அதில்தான் இருக்கு. மொட்டைக் கடுதாசி வந்து 27 வருஷம். அதே 1799-ல்தான் ஹண்டரின் சேகரிப்பை பிரிட்டிஷ் அரசு 15,000 பவுண்டுக்கு வாங்கியது. இன்னிக்கும் லண்டனில் அவர் பேரிலேயே மியூசியமா இருக்கு.

குழாய் கெட்டியாப் போனா ஏன் நடக்கும்போது மட்டும் வலிக்கணும்? எப்பவும் வலிக்க வேண்டாமா? இதற்குப் பதில் சொன்னவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆலன் பர்ன்ஸ், 1809-ல். கையில் ஒரு கட்டை ஓரளவு இறுக்கிக் கட்டிக்கிட்டு சும்மா இருந்தா ஒண்ணும் தெரியாது. அதே கையால் வேலை செஞ்சு பாருங்க, சீக்கிரமே சோர்ந்துவிடும். இதயமும் ஒரு தசைதான். உட்கார்ந்திருக்கும்போது குறுகலான குழாய் வழியா வர்ற ரத்தமே அதுக்குப் போதும். மாடி ஏறினா, கோவப்பட்டா, துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேண்டிய ஆக்சிஜனும் ஏறும். குழாயோ அதுக்கு மேல தர முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் வலியாக் கத்துது. நம்ம தெருக் குழாய்த் தண்ணி மாதிரி வெச்சுக்கங்களேன், வீட்டுக்கு ரெண்டு குடம்னா சமாளிச்சிடலாம், கல்யாணம் வெச்சாத்தான் சண்டை.

மருந்து கிடைக்காதுன்னு ஜென்னர் பயந்தாரே, அது கொஞ்ச காலத்துக்குத்தான் உண்மையா இருந்தது. 1867-ல் எடின்பரோவில் லாடர் ப்ரன்டன் என்கிற இளம் டாக்டர், ராத்திரி ராத்திரி நெஞ்சு வலியில் துடித்த ஒரு நோயாளிக்கு அமைல் நைட்ரைட்டைத் துணியில் விட்டு முகரக் கொடுத்தார். ஒரு நிமிஷத்துக்குள் முகம் சிவந்தது, வலி போச்சு. அடுத்தது நைட்ரோகிளிசரின். 1847-ல் இத்தாலியில் அதைக் கண்டுபிடித்த சொப்ரேரோ, துளி நாக்கில் வைத்துப் பார்த்து மண்டை பிளக்கிற தலைவலி வருதுன்னு எழுதினார். லண்டனில் வில்லியம் முர்ரெல், ஒரு சதவீதக் கரைசல் இருந்த பாட்டிலின் கார்க்கை நக்கினார். கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுக்க நாடி அடித்து, கையில் இருந்த பேனா ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளியதாம். மனுஷன் அத்தோட விடலை, முப்பது நாற்பது தடவை தன் மேலேயே சோதிச்சார். 1879-ல் ஆஞ்சைனாவுக்கு மருந்தாக அதை அறிவித்தார்.

அதே நைட்ரோகிளிசரினில் டைனமைட் செய்து கோடீஸ்வரன் ஆனவர் ஆல்ஃப்ரட் நோபல். தொழிற்சாலை ஆட்களுக்குத் திங்கட்கிழமை ஆனா தலைவலி. வாரக் கடைசிக்குள் உடம்பு பழகிடும், ஞாயிறு லீவு விட்டுத் திரும்பினா மறுபடி ஆரம்பிக்கும். அது பத்தித் தனி ஆராய்ச்சியே நடந்திருக்கு. நோபலுக்கே கடைசி காலத்தில் நெஞ்சு வலி வந்து, டாக்டர்கள் எழுதிக்கொடுத்ததும் நைட்ரோகிளிசரின்தான். சாவதற்குச் சில வாரம் முன்னாடி, 1896 அக்டோபரில், உதவியாளருக்கு இதை விதியின் கேலி என்று எழுதினார். கூடவே, மருந்துக்கடைக்காரரும் பொதுமக்களும் பயப்படக்கூடாதுன்னு இதற்கு ட்ரைநைட்ரின் என்று பேர் வெச்சிருக்காங்கன்னும் எழுதினார். படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. வாயு மாத்திரை!

(அது எப்படி வேலை செய்யுதுங்கிறது புரிய இன்னும் நூறு வருஷம் ஆச்சு. உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிட்டு ரத்தக் குழாய்களைத் தளர்த்துது. அந்தக் கண்டுபிடிப்புகளுக்காக 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூணு பேருக்கும் நோபல் பரிசு. அப்போ 'வாயு மாத்திரை'ன்னு எங்க வீட்டில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை போல.)

ஹண்டருக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது இதைவிட இன்னொரு மருந்து. கோவம் வந்தா சுரக்கிற அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுக்கிற மருந்து. அதைச் செய்தவர் ஜேம்ஸ் பிளாக். ப்ரோப்ரனலால், 1964. கார் விபத்து ஒன்றில் சிக்கிய மன அதிர்ச்சிக்குப் பின்னால் அவர் அப்பா மாரடைப்பில் இறந்தது அவர் மனசில் இருந்திருக்கிறது. 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். பிளாக் பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் இருக்கு. ஹண்டரும் அந்த மாவட்டத்து ஆள்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 1967-ல் கிளீவ்லாந்தில் ஃபவலோரோவின் பைபாஸ், 1977-ல் சூரிச்சில் க்ரூன்ட்ஸிக்கின் பலூன். இப்போ 'எத்தனை பிளாக், எத்தனை ஸ்டென்ட்?'ன்னு கல்யாண வீட்டுல பந்தியில் உட்கார்ந்தே விசாரிக்கிறோம். எங்க பெரியப்பா காலத்தில் எங்களுக்கு எட்டினது அந்தக் குட்டி மாத்திரை மட்டும்தான்.

பத்தாவது பரீட்சை முடிஞ்ச லீவில் பெரியப்பா என்னை மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். வீட்டில் யாரிடமும் சொல்லலை. சொன்னா விட மாட்டாங்க. மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தோம். பத்துப் படிக்கு ஒருதரம் நின்னார். அங்கே வேடிக்கை பார்க்கக் கடை இல்லை. ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் பேந்தப் பேந்த முழிச்சேன்.

"வாயுவுக்கு எவன்டா நாக்குக்கு அடியில மாத்திரை வெக்கச் சொல்வான்?" என்றார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்தவருக்கும் இதே மாத்திரைதானாம், அவர் நாலு வருஷம் முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டாராம்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அவன் நிம்மதியா இருக்கான்."

நான் சொல்லலை. அன்னிக்குத் தாயுமானவர் சன்னதி வரைக்கும்தான் ஏறினோம்.